சிப்பாயின் காலும் குரோம்பேட்டைத் தோலும்

படையும் பட்டறையும் – தொடர் 9

சென்ற இதழில் வேலூரில் நின்றோம். தளபதி சர் ஜான் கிராடக் புகுத்திய புதுத் தலைப்பாகையும், அதில் செருகச் சொன்ன தோல் சின்னமும், அதனால் 1806 ஜூலை 10 விடியற்காலையில் கோட்டைக்குள் வெடித்த கிளர்ச்சியும் அங்கே பார்த்தவை. சிப்பாயின் தலைக்கு ஏறிய தோலால் வந்த வினை அது. இந்த முறை காலுக்குப் போன தோல். அதற்கு நூறாண்டு தாண்டிக் குதிக்க வேண்டும்.

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தை நோக்கிக் குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. பீதியில் எத்தனையோ குடும்பங்கள் பட்டணத்தைக் காலி செய்துவிட்டு ரயிலேறின. அதற்கு நான்காம் நாள், செப்டம்பர் 26-இல், பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் கரையிறங்கத் தொடங்கியது. ஊர் மக்கள் பூவும் பழமும் கொடுத்து வரவேற்றார்கள். வந்தவர்கள் போட்டிருந்தது வெயில் தேசத்துப் பருத்திக் காக்கி. கையிலிருந்த பழைய ரைஃபிள்களை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டு, புதிய ரக லீ என்ஃபீல்டைக் கொடுத்துப் போர்முனைக்கு அனுப்பினார்கள். அக்டோபர் முடிவதற்குள் அவர்கள் ஃபிளாண்டர்ஸ் சேற்றில் நின்றார்கள். கம்பளி உடை பின்னால்தான் வந்தது. காலுறையும் கழுத்துத் துணியும் திரட்டி அனுப்ப லண்டனில் இந்தியச் சிப்பாய் நிதி என்று ஒன்றைத் தொடங்க வேண்டியிருந்தது. உலகத்தின் மிகப் பெரிய பேரரசு, தன் சிப்பாய்க்கு வேண்டிய காலுறையை நன்கொடையாக வசூலித்தது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் கதை இன்னும் மோசம். நவம்பர் முதல் வாரம் டாங்கா கடற்கரையில் இறக்கிவிடப்பட்ட படையில் 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி இருந்தது. நவீன ரைஃபிளைக் கப்பல் ஏறும் தறுவாயில்தான் தொட்டுப் பார்த்த பிரிவுகள் அந்தப் படையில் இருந்தன. பழகாத ஆயுதம், தெரியாத காடு, தலைக்கு மேல் பறந்த தோட்டாக்கள். மூன்றே நாளில் படை மறுபடியும் கப்பலுக்குத் திரும்பியது. பாளையங்கோட்டைக்காரர்கள் நிலைகுலைந்து ஓடியதைப் பற்றி ஆங்கிலேய அதிகாரிகள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அந்த ரைஃபிளை எப்போது கொடுத்தோம் என்ற கேள்விக்கு அவ்வளவு மை செலவாகவில்லை.

இனி பூட்ஸுக்கு வருவோம். சேறும் தண்ணீரும் நிறைந்த அகழியில் நாள் கணக்கில் நிற்பவனுக்குத் துப்பாக்கி பழுதானாலும் சமாளிக்க ஒரு வழி உண்டு. பாதம் அழுகினால் வழியே இல்லை. ‘டிரெஞ்ச் ஃபுட்’ என்ற அந்த நோய் முதல் குளிர்காலத்திலேயே ஆயிரக்கணக்கானவர்களைப் படுக்கையில் தள்ளியது. பிரிட்டன் தன் படைக்கு மட்டும் பூட்ஸ் தைக்கவில்லை, நேச நாட்டுப் படைகளுக்கும் தைத்தது. தைத்த ஊர் நார்தாம்ப்டன். இந்தியாவில் ராணுவத் தோல் சாமான் என்றால் கான்பூர். அங்கே அரசின் சேணத் தொழிற்சாலையும், பூட்ஸ் தைக்கும் கூப்பர் ஆலன் கம்பெனியும் இருந்தன. நார்தாம்ப்டன் தைத்த பூட்ஸின் மேல்தோல் பெரிய அளவில் எங்கிருந்து போனது என்று கேட்டால்தான் நம்ம பக்கம் வரவேண்டும்: பெரியமேடு, ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல், திருச்சி, பல்லாவரம்.

பல்லாவரம் அப்போது பட்டணத்துக்கு வெளியே, பரங்கிமலையை ஒட்டிய கன்டோன்மென்ட். பரங்கிமலையில் பீரங்கிப் படை, பல்லாவரத்தில் காலாட்படை என்று கம்பெனி காலத்திலேயே ஏற்பட்ட ஏற்பாடு. அந்த மண்ணில் ஆயுத வரலாறு அதற்கும் முந்தியது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 1863 மே 30-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் இந்தியாவின் முதல் பழங்கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தது பல்லாவரத்து ராணுவ மைதானத்துச் சரளைக் குழியில்தான். பட்டாளம் இருந்த இடம், சுற்றிலும் ஏரிகளும் கிணறுகளும், பக்கத்திலேயே ரயில். தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

தோல் ஷாப்பு வேலை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பார்க்கத் தக்கது. பச்சைத் தோலைக் கழுவி, சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு, மயிரைச் சுரண்டி, சதையை வழித்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் கிடத்திப் புரட்ட வேண்டும். பிறகு கடுக்காய்த் தண்ணீர், அதன் பிறகு எண்ணெய்ப் பூச்சு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சார்லஸ் டி சூசா என்ற புதுச்சேரி யூரேசியர் சென்னையில் வந்து தங்கி இந்த முறையைச் சீர்படுத்தினார் என்பது பதிவான செய்தி. தொட்டிக்குள் இறங்கி நின்றவர்கள் பெரும்பாலும் ஆதிதிராவிடர்கள். ஷாப்பின் முதலாளிகள் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள். சரக்கைக் கப்பலேற்றியவை கார்டன் உட்ரோஃப் போன்ற வெள்ளைக்கார நிறுவனங்கள். லண்டன் ஏலத்தில் இந்த மாட்டுத் தோலுக்கு ‘கிப்ஸ்’ என்று பெயர்.

போனது பாதி பதனிட்ட தோல். சாயம், மெருகு, வெட்டு, தையல் எல்லாம் அங்கே. லாபத்தில் பெரும்பங்கும் அங்கேதான். இந்தத் தொடரில் இனி பல முறை இந்த ‘பாதி’யை நாம் சந்திக்கப் போகிறோம் என்பதால் வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பாதித் தொழிலுக்கும் ஆபத்து வந்தது அமெரிக்காவிலிருந்து. குரோமிய உப்பால் தோலைப் பதனிடலாம் என்று 1858-லேயே ஜெர்மானிய வேதியியலாளர் கிநாப் காட்டியிருந்தார். 1884-இல் நியூயார்க்கின் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் அதற்கு ஒரு தொழில்முறை கண்டு காப்புரிமை வாங்கினார். 1893-இல் மார்ட்டின் டென்னிஸ் அதை ஒரே தொட்டியில் முடியும் வேலையாக எளிதாக்கினார். ஆவாரம்பட்டைக்கு வாரங்கள் வேண்டிய இடத்தில் குரோமுக்குச் சில நாள் போதும். நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் கொதிநீரில் போட்டாலும் சுருங்காது, நனைந்து காய்ந்தாலும் விறைக்காது. பிலடெல்பியா ஆலைகள் மெருகிட்ட ஆட்டுத் தோலில் உலகச் சந்தையைப் பிடித்தன. அவர்களுக்கு வேண்டியது நம் பச்சைத் தோல்தான், பாதி பதனிட்டது வேண்டாம். சென்னை ராஜதானியில் ஷாப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

இந்த இடத்தில்தான் ஆல்ஃபிரட் சாட்டர்டன் வருகிறார். 1888-இல் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தவர். ஓவியப் பள்ளி என்று எழும்பூரில் இருந்த ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸைப் பட்டறையாக்கி, 1898-இல் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்து, அது லாபம் காட்டியதும் தனியாரிடம் ஒப்படைத்தவர். 1903-இல் அதே இடத்தில் குரோம் தோல் சோதனையைத் தொடங்கினார். முதலில் அவர் மனத்தில் இருந்தவன் சிப்பாய் அல்ல, விவசாயி. கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைக்கும் தோல் சால் சீக்கிரம் அழுகிப் போகும். குரோம் தோலில் செய்தால் பல மடங்கு உழைக்கும். தண்ணீரிலேயே கிடந்தும் கெடாத தோல்! அகழிப் போருக்கு இதைவிடப் பொருத்தமான தோல் இருக்க முடியாது. ஆனால் 1903-இல் அகழிப் போரை யார் கண்டார்கள்?

சோதனை தொழிற்சாலையாக வளர்ந்தது. அரசே நடத்திய அந்த ஆலை லாபமும் பார்த்தது. அதுவே அதற்கு எமனானது. அரசு வரிப்பணத்தில் வியாபாரம் செய்யலாமா என்று சென்னையின் ஐரோப்பிய வணிகர்கள் கொதித்தார்கள். 1908-இல் உதகமண்டலத்தில் கூடிய தொழில் மாநாடு சாட்டர்டன் பாதையை ஆதரித்திருந்தது, தனித் தொழில் துறையும் ஏற்பட்டிருந்தது. லண்டனில் இருந்த இந்திய மந்திரி மார்லி பிரபு 1910 ஜூலை 29-இல் ஒரு கடிதம் எழுதினார். தொழிற்கல்வி கொடுங்கள், தொழிற்சாலை நடத்தாதீர்கள் என்பது அதன் சாரம். அரசின் குரோம் ஆலையைப் பிறகு ரீவா சமஸ்தானம் வாங்கிக்கொண்டது. சாட்டர்டன் 1912-இல் மைசூருக்குப் போய்விட்டார்.

மார்லி தாராளவாதி, நூல் பல எழுதிய அறிஞர். தடையற்ற வணிகம் என்ற கொள்கையில் அவருக்கு உண்மையான நம்பிக்கை இருந்தது. அந்தக் கொள்கைப்படி பார்த்தால் அவர் செய்தது தப்பே இல்லை. ஆனால் அந்தக் கடிதம் எழுதப்பட்டு நான்கே ஆண்டில் அதே பேரரசு தோலுக்காகச் சென்னை வாசலில் வந்து நின்றது.

குரோம் தொழில் அத்தோடு செத்துவிடவில்லை. ஜி. ஏ. சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் போர் மூள்வதற்கு முன்பே இந்தத் துறையில் இறங்கிவிட்டார். பல்லாவரத்துக்குத் தெற்கே அவருடைய குரோம் லெதர் கம்பெனி எழுந்தது. முழுதும் பதனிட்ட, உடனே வெட்டித் தைக்கத் தக்க தோலைத் தந்தது. அதைச் சுற்றி வளர்ந்த ஊர்தான் குரோம்பேட்டை. 1931 மே 11-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அந்தப் பகுதி குடியிருப்பாக மாறிய கதை எல்லோருக்கும் தெரிந்தது. கம்பெனியின் பெயர் சி.எல்.சி. ஒர்க்ஸ் ரோடு என்று இன்றும் ஷேர் ஆட்டோக்காரர்கள் வாயில் இருக்கிறது. பின்னாளில் அதே ஊரில் சி. ராஜம் 1949-இல் நிறுவிய எம்.ஐ.டி.யில் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தார். தோலில் தொடங்கி ஏவுகணை வரைக்கும் போன ஊர் என்று குரோம்பேட்டைக்காரர்கள் கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டால் யாரும் கோபிக்க முடியாது.

போர் வந்ததும் நடந்ததைப் பார்ப்போம். அதற்கு முன்பு இந்தியாவின் பச்சைத் தோல் ஏற்றுமதியில் ஜெர்மன் கம்பெனிகளின் பிடி இறுக்கமாக இருந்தது. கல்கத்தாவில் அவர்கள் வைத்ததே விலை. 1914 ஆகஸ்டில் ஒரே நாளில் அந்தக் கதவு சாத்தப்பட்டது. மறுபுறம் பூட்ஸின் மேல்தோலுக்கு மிகவும் ஏற்றது சென்னை கிப்ஸ்தான் என்று பிரிட்டிஷ் ராணுவ அலுவலகம் முடிவு செய்தது. 1916-இல் இந்திய அரசே நேரடியாக இறங்கி, ஏற்றுமதிக்கான கிப்ஸ் அத்தனையையும் ராணுவத்துக்காக வாங்கத் தொடங்கியது. விலையை அரசு நிர்ணயித்தது, ரகத்தை அரசு பிரித்தது, கப்பலை அரசு ஒதுக்கியது. 1917-இல் சர் தாமஸ் ஹாலண்ட் தலைமையில் இந்திய வெடிமருந்துத் தளவாட வாரியம் அமைந்தபோது தோலும் அதன் பொறுப்பில் வந்தது. அரசு வியாபாரம் செய்யக் கூடாது என்ற கடிதத்தை யாரும் ரத்து செய்ததாகத் தெரியவில்லை. எல்லோரும் சேர்ந்து மறந்தார்கள்.

ஷாப்புகளுக்கு அது அறுவடைக் காலம். மூடிய தொட்டிகள் திறந்தன, புதியவை கட்டப்பட்டன. வறண்ட மேட்டு நிலங்களில் யாரும் சீந்தாமல் மஞ்சளாகப் பூத்துக் கிடந்த ஆவாரைக்கு மவுசு வந்தது. அதன் பட்டையை உரித்துக் கட்டுக் கட்டாக ரயிலேற்றினார்கள், விலை ஏறிக்கொண்டே போனது. விற்க முடியுமா என்ற கவலை முதலாளிக்கு இல்லை, வாங்குகிறவர் சர்க்கார். தரத்தைக் கூட்டச் சர்க்கார் கொடுத்த நெருக்கடியால் தோலின் தரமும் கூடியது.

ஆனாலும் கப்பலில் போனது கிப்ஸ்தான், பூட்ஸ் இல்லை. இவ்வளவு பெரிய கொள்முதலை வைத்துச் சென்னையிலேயே மெருகும் தையலும் ஊன்றச் செய்திருக்கலாம். ஹாலண்ட் தலைமையில் 1916 முதல் 1918 வரை விசாரித்த இந்தியத் தொழில் கமிஷனில் சாட்டர்டனும் ஒரு உறுப்பினர். மதன்மோகன் மாளவியா தன் மாறுபட்ட கருத்தைத் தனிக் குறிப்பாகவே எழுதினார். தொழிலுக்கு அரசு கை கொடுக்க வேண்டும் என்பதில் கமிஷனுக்குச் சந்தேகமில்லை. அறிக்கை வந்தபோது போர் முடிந்துகொண்டிருந்தது, அவசரமும் போய்விட்டது.

அவசரம் போனதும் ஆர்டர் போனது. 1919-இல் கொஞ்ச நாள் விலை உச்சத்தில் நின்றது. அடுத்த ஆண்டிலேயே சரிந்தது. கிடங்குகளில் ராணுவம் சேர்த்து வைத்திருந்த பூட்ஸும் தோலும் மலிவு விலைக்கு வந்தன. கடன் வாங்கித் தொட்டி கட்டியவர்கள் கதி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அரசு 1919 செப்டம்பரில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி, பேரரசுக்குள் பதனிடப் போகும் தோலுக்கு அதில் 10 சதவீதம் தள்ளுபடி. பச்சைத் தோல் மறுபடியும் ஜெர்மனிக்குப் போகாமல் தடுப்பதுதான் முதல் நோக்கம், இங்குள்ள தொழிலைக் காப்பாற்றுவது இரண்டாவது. கல்கத்தாவின் பச்சைத் தோல் வியாபாரிகள் எதிர்த்தார்கள், சென்னைக்காரர்கள் ஆதரித்தார்கள். 1923-இல் வரி 5 சதவீதமாகச் சுருங்கியது, தள்ளுபடியும் போயிற்று. ஆவாரம்பட்டையின் இடத்தைத் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை பிடித்துக்கொண்டது.

கண்டுபிடிப்பு இல்லாததால் இந்தத் தொழில் நொடிக்கவில்லை. கைத்திறனும் குறையவில்லை. போரில் பத்து மடங்கு ஆர்டர், அமைதியில் பூஜ்யம் என்ற வாங்கும் முறையே அதைப் படுக்க வைத்தது. பஞ்சத்துக்கு ஒரு முறை மட்டும் நெல் வாங்க வருகிறவனை நம்பி எந்த மிராசுதாரும் ஏரி வெட்டமாட்டான்.

இதைப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாதபடி ஆவடி இருக்கிறது. ராணுவச் சீருடைத் தொழிற்சாலை அங்கே 1961-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே இமயமலையில் சீனப் போர். பருத்தி உடையும் கான்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு, பழைய .303 ரைஃபிளோடு ஜவான்கள் பனிமலையில் நின்றார்கள். மார்செய்க்குப் பிறகு 48 ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்தத் தோல்வியின் பின்னால்தான் 1963-இல் பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி வந்தது, ஆவடியின் தையல் இயந்திரங்களுக்கும் ஓயாத வேலை வந்தது. 2017-இல் ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி, ஜவானுக்குச் சீருடைக்காக ஆண்டுக்கு 10,000 ரூபாய் படி என்று முடிவானது. சீருடை, காலணி போன்றவை ‘மையப் பொருள்கள் அல்ல’, வெளிச் சந்தையிலும் வாங்கலாம் என்றும் ஆனது. ஆவடியில் ஆர்டர் குறைந்தது, தொழிலாளர்கள் வாசலில் கூடினார்கள். ஆலைகளைக் கம்பெனியாக்குவதை எதிர்த்து 2019 ஆகஸ்டில் நாடெங்கும் 41 படைக்கலத் தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தம் நடந்தது.

2021 அக்டோபர் 1-இல் 41 ஆலைகளும் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. ஆவடி சீருடை ஆலை, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் நிறுவனத்துக்குப் போனது. ஏழு கம்பெனிகளுக்கும் சேர்த்து 65,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஆர்டர்கள் சீதனமாகக் கொடுக்கப்பட்டன. பிறந்த வீட்டுச் சீதனம் தீர்ந்த பிறகு என்ன என்பதே ஆவடித் தொழிற்சங்கங்கள் அன்று கேட்ட கேள்வி. மறுபக்கத்து வாதத்திலும் நியாயம் இருக்கிறது. போட்டியே இல்லாத ஆலையில் துணியின் நிறமும் அளவும் மாறி மாறி வருவதைச் சகித்துக்கொள்ள வேண்டியவன் ஜவான். 2022 ஜனவரி 15 ராணுவ தினத்தில் நிஃப்ட் வடிவமைத்த புதிய போர்ச்சீருடை அறிமுகமானபோது, அதை யார் எத்தனை தைப்பது என்பதுதான் ஆவடியில் பேச்சாக இருந்தது.

குரோம்பேட்டைக்கே திரும்பினால், குரோமுக்கு வேறொரு விலையும் உண்டு. பக்கத்து நாகல்கேணியின் கிணற்று நீரில் தோல் ஆலைக் கழிவு அதை எழுதி வைத்திருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அந்தக் கதைக்குத் தனி இதழ் ஒதுக்கியிருக்கிறேன்.

இப்போது, விட்ட இடத்தில் தொடர, 1938-க்குத் திரும்புவோம். முதல் உலகப் போர் முடிந்து இருபது ஆண்டு தூங்கிய பிறகு, இந்தியப் படையை நவீனமாக்க என்ன செய்யலாம் என்று ஆராய லண்டன் ஒரு குழுவை அனுப்பியது. அதன் தலைவர் கடற்படைத் தளபதி சாட்ஃபீல்டு பிரபு. சுமார் 45 கோடி ரூபாய் செலவாகும், அதில் பெரும்பகுதியைப் பிரிட்டன் இனாமாகத் தர வேண்டும், படைக்கல ஆலைகளை விரிவாக்க வேண்டும் என்று குழு சொன்னது. அறிக்கை காகிதத்தை விட்டு இறங்குவதற்குள் 1939 செப்டம்பர் 3 வந்துவிட்டது. டில்லியில் அவசரம் அவசரமாகத் தளவாட வழங்கல் துறை திறக்கப்பட்டது. பூட்ஸுக்கான டெண்டர்கள் மறுபடியும் வெளிவந்தன. அவற்றில் கான்பூருக்கு எவ்வளவு, கல்கத்தாவின் பாட்டாநகருக்கு எவ்வளவு, சென்னைக்கு மிஞ்சியது எவ்வளவு என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)